மகன் வழியா, மகள் வழியா?

(கெடா மாநிலம் பீடோங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பூஜாங் பள்ளத்தாக்குக்கு இத்தனை பக்கத்தில் நின்று சோழர்களைப் பற்றிப் பேசினால், 1025ஐத்தான் எதிர்பார்ப்பீர்கள். ராஜேந்திரனின் படை கடாரம், அதாவது இந்தக் கெடாவை, வென்ற கதை உங்களுக்கு மனப்பாடம். நான் பேச வந்தது அவன் வீட்டுக்குள் நடந்த கதை. அரியணை யாருக்கு?

ராஜேந்திரன் விவரமானவன். 1018இலேயே மகன் ராஜாதிராஜனுக்குப் பட்டம் கட்டித் தன்னோடு சேர்த்து ஆளவிட்டான். பழைய தோட்டங்களில் பெரிய கங்காணி, தன் கை ஓயுமுன்னே மகனைப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், முன்னால் நிறுத்துவாரே, அதே சூட்சுமம்தான். நாளைக்கு யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். 1054இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் மாண்டபோது, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடி சூடிக்கொண்டு வென்றான்.

சிக்கல் 1070இல் வந்தது. ராஜேந்திரனின் இன்னொரு மகன் வீரராஜேந்திரன் மறைந்தான், அவன் மகன் அதிராஜேந்திரன் அரசனானான். தந்தைவழி உரிமை, முறையான பட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே ஆண்டில் அவனும் மாண்டான். ஆந்திரக் கரையோர வேங்கி நாட்டிலிருந்து வந்து அமர்ந்தவன் முதலாம் குலோத்துங்கன். தகப்பன் ராஜராஜ நரேந்திரன், கீழைச் சாளுக்கியன். அப்படியானால் சோழ அரியணையில் இவனுக்கு என்ன பாத்தியதை?

பெண்கள் வழியாக வந்த பாத்தியதை. பாட்டி குந்தவை, முதலாம் ராஜராஜனின் மகள். (ராஜராஜனின் அக்கா குந்தவை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மேடையை நான் பார்த்ததில்லை!) தாய் அம்மங்கை, ராஜேந்திரனின் மகள். மனைவி மதுராந்தகி, இரண்டாம் ராஜேந்திரனின் மகள். மூன்று தலைமுறையாகச் சோழப் பெண்கள் வேங்கிக்கு வாழ்க்கைப்பட்டார்கள். நான்காவதாக அரியணையே அந்த வழியில் போனது.

இனிக் கவிஞர்களைப் பாருங்கள். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில், வீரராஜேந்திரனுக்குப் பின் நாடு சீர்குலைந்தது, அபயன் வந்து காத்தான் என்கிறார். அபயன் என்றால் குலோத்துங்கன். அதிராஜேந்திரன்? ஒரு வரி கிடையாது. எதிர்முகாமில், மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைக்கவி பில்கணர் வடமொழியில் எழுதுகிறார்: விக்கிரமாதித்தன் நேரில் போய் மைத்துனனை அரியணையில் அமர்த்தித் திரும்பினான், கலகத்தில் மைத்துனன் கொல்லப்பட்டான், வேங்கி மன்னன் நாட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த மைத்துனன்தான் அதிராஜேந்திரன். பில்கணரும் தன் எசமானுக்காக எழுதியவர்தான். ஆனாலும் செயங்கொண்டார் சொல்லாமல் விட்ட இடம்தான் எனக்கு உறுத்துகிறது. வாட்சாப்பில் 'நாங்கள் சோழர் பரம்பரை' என்று அனுப்பும் தம்பிகள், எந்தச் சோழர் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் நல்லது.

குலோத்துங்கன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆண்டான். கடாரத்தரசன் தூதனுப்பிக் கேட்க, நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்குரிய ஊர்களின் வரியை நீக்கியவனும் அவனே. நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பேரால் அழைக்கப்படும் சிறிய செப்பேடு அதைச் சொல்கிறது.

இந்த மண்ணிலும் இப்படி ஒன்று நடந்தது. மலாக்கா சுல்தான் முகமது ஷாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ராஜா காசிம். தாய் துன் வாத்தி, தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். இளையவரின் தாய் சுமத்ராவின் ரோக்கான் நாட்டு இளவரசி. தாய் இளவரசி என்பதால் பட்டம் இளையவருக்குப் போனது. 1446 வாக்கில், தாய்மாமன் துன் அலியின் துணையோடு காசிம் அரண்மனைக்குள் புகுந்தார், தம்பி கொல்லப்பட்டார், காசிம் முசாபர் ஷா ஆனார். 1511இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்கா விழும்வரை அந்த அரியணையில் இருந்தவர்கள் எல்லாரும் துன் வாத்தியின் வழியில் வந்தவர்கள்தான்.