வாங்க வராதவர்கள்

(திருச்சியில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தை இதற்கென ஒதுக்கி வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

டெல்லியில் மத்திய அரசு வேலையில் இருந்த காலத்தில், ஒவ்வொரு குளிர்காலக் கடைசியிலும் ஓக்லாவில் நடக்கும் இந்தியா ஆர்ட் ஃபேர் என்ற ஓவியச் சந்தைக்குப் போய்விட்டு வருவேன். ஊருக்கு வந்து அதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "என்ன வாங்கினீங்க?" ஒன்றும் வாங்கவில்லை என்றால், "அப்புறம் எதுக்குப் போறீங்க?" நியாயமான கேள்விதான். அதற்கு அப்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். இன்று உங்கள் தயவில் உட்கார்ந்து பதில் சொல்லப்போகிறேன்.

அது என்ன இடம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2008 ஆகஸ்டில் பிரகதி மைதானத்தில் நேஹா கிர்பால் இதைத் தொடங்கியபோது பெயர் இந்தியா ஆர்ட் சம்மிட். வந்திருந்தவை 34 கேலரிகள், அதாவது ஓவியங்களைக் காட்டி விற்கும் கூடங்கள். 2012இல் பெயரும் மாறியது, இடமும் ஓக்லாவில் உள்ள தேசியச் சிறுதொழில் கழக (என்எஸ்ஐசி) மைதானத்துக்கு மாறியது. 2025இல் அரங்கு போட்டவர்கள் 120 பேர். மைதானத்தில் பெரிய பெரிய கூடாரங்கள் போடுகிறார்கள். உள்ளே வெள்ளைத் தடுப்புச் சுவர்கள், தடுப்புக்குத் தடுப்பு ஒரு கேலரி. மும்பைக் கேலரி, கொல்கத்தாக் கேலரி, சென்னையிலிருந்து வந்தது, லண்டனிலிருந்து வந்தது என்று வரிசையாக. நான்கு நாள் நடக்கும். மெஜந்தா வழித்தட மெட்ரோவில் போய் ஓக்லா என்எஸ்ஐசி நிலையத்தில் இறங்கினால் மிச்ச தூரம் நடைதான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேவுக்குப் போய் வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கலாம். அது வேறு, இது வேறு. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முஜிரிஸ் பினாலேயில் விற்பனை கிடையாது. அது நடக்கும் ஆஸ்பின்வால் மாளிகைக்குள் ஒரு படைப்பின் முன் நிற்கிறவர் அதைப் பார்க்க வந்தவர், அவ்வளவுதான். ஃபேர் என்பது சந்தை. கேலரிக்காரர் சதுர மீட்டர் கணக்கில் வாடகை கொடுத்து இடம் பிடிக்கிறார். அந்த வாடகை, படங்களைக் கொண்டுவந்த லாரிச் செலவு, ஆட்கள் தங்கும் செலவு எல்லாவற்றையும் நான்கு நாளில் எடுத்தாக வேண்டும். அவர் முகத்தில் சிரிப்பு குறைவாக இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உலகம் முழுக்க இதே ஏற்பாடுதான். 1967இல் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் 18 கேலரிகள் சேர்ந்து நடத்தியது இன்றைய ஓவியச் சந்தைகளுக்கெல்லாம் மூத்தது. 1968இல் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு வெனிஸ் பினாலே தன் விற்பனைப் பிரிவை மூடியது. 1970இல் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக் கேலரிக்காரர்கள் ஆர்ட் பாசலைத் தொடங்கினார்கள். காட்டுவது ஒரு பக்கம், விற்பது ஒரு பக்கம் என்று பாதை பிரிந்தது ஏறத்தாழ அந்த மூன்று நான்கு வருடங்களில்தான். மியாமி, ஹாங்காங், பாரிஸ் எல்லாம் பாசலின் கிளைகளாகப் பிறகு வந்தவை.

சரி, சந்தையில் வாங்காதவனுக்கு என்ன வேலை?

டிக்கெட் வாங்கிப் போகிறவன் அங்கே கடைசி ஆள். முதல் நாள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். சேகரிப்பாளர்கள், அருங்காட்சியகத்துக்காரர்கள், அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்கே சுற்றி முடித்துவிடுவார்கள். இப்போதெல்லாம் அதற்கும் முன்னாலேயே படங்களின் பட்டியலைப் பிடிஎஃப் ஆக அனுப்பிப் பாதி வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள். நாம் உள்ளே நுழையும்போது சில பெயர்ச்சீட்டுகளின் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். விற்றுப்போயிற்று என்று அர்த்தம். அந்தப் பொட்டைக் கண்டதும் பலர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். நான் அந்தப் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன். காரணம் சொல்கிறேன்.

எம். எஃப். ஹுசைன் 1954இல் 'கிராம யாத்திரை' என்று ஓர் ஓவியம் வரைந்தார். ஏறத்தாழ 14 அடி நீளம். அதற்குள் பதின்மூன்று சிறு காட்சிகள், கிராமத்து வாழ்க்கை. டெல்லியில் உலக சுகாதார நிறுவன வேலையாக வந்திருந்த ஒரு மருத்துவர் அதே வருடம் அதை வாங்கினார். 1964இல் அது நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பொதுமக்கள் போகாத ஒரு நடைவழியில் மாட்டியிருந்தார்கள். நரம்பியல் மருத்துவர்கள் தினமும் அதைக் கடந்து போயிருப்பார்கள். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து ஒரு கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் கணக்கில் 118 கோடி ரூபாய். எல்லாப் பத்திரிகையிலும் அந்த 118 கோடிதான் தலைப்பு. எனக்கு உறைத்தது வேறு எண். 1954லிருந்து 2025 வரை 71 வருடம். இந்தியக் கிராமத்தைப் பற்றிய அந்தப் படத்தை இரண்டு மூன்று தலைமுறை இந்தியர்கள் பார்க்கவே இல்லை.

யார்மேலும் தப்பில்லை. வாங்கினவர் முறையாகத்தான் வாங்கினார். சந்தையில் விற்கும் படத்துக்குச் சாதாரணமாக இதுதான் நடக்கும். ஓவியரின் பட்டறையிலிருந்து கேலரிக்குப் போகும், அங்கிருந்து ஒரு வீட்டுக் கூடத்துக்கோ படுக்கையறைக்கோ போகும், அதுவும் இல்லாமல் குளிரூட்டிய கிடங்கில் பெட்டிக்குள் இருக்கும். கிரண் நாடார் போன்ற பெரிய சேகரிப்பாளர்கள் வாங்கினால், அவர் டெல்லியில் நடத்தும் அருங்காட்சியகத்தில் என்றாவது பார்க்கலாம். 2010இல் 16 கோடிக்கு மேல் கொடுத்து அவர் வாங்கிய, ஓவியர் எஸ். எச். ரஜாவின் 'சௌராஷ்டிரா' அப்படி நம் கண்ணுக்குக் கிடைத்த படம். மற்றதெல்லாம் போனது போனதுதான். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கு நாள் அது பொதுவெளியில் நிற்கிறது. வாங்குகிறவர் அதை வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம். எனக்கு இந்தச் சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான். அதனால்தான் சிவப்புப் பொட்டு உள்ள படத்தின் முன் நிற்கிறேன்.

இப்படிப் போகிறவன் எப்படிப் பார்க்க வேண்டும்? 120 அரங்கு, ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு மூன்று நிமிடம் வருகிறது. அதற்குள் ஒரு படத்தைக்கூடப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று டிக்கெட் காசுக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் மூன்று மணிக்கெல்லாம் காப்பிக் கடைப் பக்கம் கால் வலியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சுற்று நிற்காமல் வேகமாக நடந்துவிடுங்கள். எது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததோ அதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் அந்த ஐந்தாறு இடங்களுக்குப் போங்கள். பெயர்ச்சீட்டைக் கடைசியில் படியுங்கள். அதை முதலில் படித்துவிட்டால் படத்தைப் பார்க்க மாட்டோம், பெயரைத்தான் பார்ப்போம்.

ஒரு வருடம் இரண்டாவது சுற்றில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தின் முன் நின்றேன். மொத்தமே ஒரு பள்ளி நோட்டுப் புத்தக அளவுதான். பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஓவியர் ஆதிமூலம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துறையூர்ப் பக்கம் கீரம்பூரில் பிறந்தவர். சிறுபத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் அவர் கோட்டையும் எழுத்தையும் பார்த்தே வளர்ந்த தலைமுறை நாம். ஆனால் நாம் பார்த்ததெல்லாம் பிளாக் எடுத்து அச்சடித்தது. அசலை அன்றைக்குத்தான் ஒரு முழம் தூரத்தில் பார்த்தேன். அச்சில் ஒரே கறுப்பாகத் தெரிகிற இடம் அசலில் கறுப்பே இல்லை. நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று. நடுவே தாளின் வெள்ளை ஊசி முனை அளவுக்கு விட்டு விட்டுத் தெரிகிறது. ஓர் இடத்தில் பேனா முள் தாளைக் கொஞ்சம் பிறாண்டியிருக்கிறது, அங்கே மை ஓரத்தில் கசிந்து ரோமம் மாதிரி நிற்கிறது. தோள் வளைவில் கோடு வேகமாகப் போயிருக்கிறது, மை பாதியில் தீர்ந்து வறண்டு போய் மறுபடி தொட்டு வரைந்திருக்கிறார். அந்தக் கை எங்கே நின்றது, எங்கே ஓடியது என்று தெரிகிறது. எத்தனை நல்ல தாளில் அச்சடித்தாலும் இது வராது.

அந்த அரங்கில் இருந்த பெண் நான் குனிந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இன்னும் இரண்டு இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார். தடுப்புக்குப் பின்னால் ஒவ்வொரு அரங்கிலும் ஒரு சின்ன அலமாரி அறை இருக்கும், சுவரில் இடம் இல்லாத படங்களை அதில் அடுக்கி வைத்திருப்பார்கள். கையுறை போட்டுக்கொண்டு எடுத்து வந்து மேசைமேல் சாய்த்துக் காட்டினார். நான் வாங்க மாட்டேன் என்பது என் செருப்பைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் காட்டினார். எல்லாரும் அப்படி இல்லை. பெயர் சொல்லாத வேறொரு அரங்கில் நான் ஒரு கேள்வி கேட்டபோது, அங்கே இருந்தவர் கையில் இருந்த போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா?

விலை பற்றிக் கேட்பீர்கள். சீட்டில் விலை எழுதியிருக்காது. மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, இங்கே துண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கேட்டால் சொல்வார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்பதற்குக் காசு இல்லை. "இரண்டு லட்சம், வரி தனி" என்பார்கள். அதற்குப் பிறகு, "எதை வைத்து இந்த விலை?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நன்றாக இருக்கும். உயிரோடு இருக்கும் ஓவியர் என்றால் அளவுதான் பெரும்பாலும் முதல் கணக்கு. ஒரே வருடத்தில் ஒரே கையால் வரைந்த இரண்டு படங்களில் சின்னது உயிரோடு இருக்கும், பெரியது செத்துக் கிடக்கும், விலை பெரியதற்குத்தான் அதிகம். தாளில் வரைந்தது கேன்வாஸில் வரைந்ததைவிட மலிவு. அச்சுப் படைப்பு என்றால் எத்தனை பிரதிகளில் எத்தனையாவது என்று பென்சிலால் எழுதியிருக்கும். விற்ற தொகையில் பாதி கேலரிக்கு, பாதி ஓவியருக்கு என்பது பொதுவான வழக்கம். இதெல்லாம் தெரிந்த பிறகு விலையைப் பார்த்து மலைப்பதும் குறைந்தது, விலையை வைத்துப் படத்தை மதிப்பதும் குறைந்தது.

வாழைப்பழக் கதையைக் கேட்காமல் விட மாட்டீர்கள். திருச்சிக்காரர்களிடம் வாழைப்பழ விலை பேசுவது ஆபத்து, சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 டிசம்பரில் ஆர்ட் பாசலின் மியாமிச் சந்தையில் இத்தாலிக்காரர் மவுரிசியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். விலை 1,20,000 டாலர். ஒருவர் அதைப் பிய்த்துத் தின்றார். 2024 நவம்பரில் அதே படைப்பின் ஒரு பிரதி ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது சான்றிதழும் ஒட்டும் முறை பற்றிய குறிப்பும்தான், பழத்தை அவரே வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் படைப்பில் பெரிய மரியாதை இல்லை. ஆனால் ஒரு விஷயம்: கடைசி நாள் கேலரியே அதைக் கழற்றியது. காரணம், கூட்டம். பார்க்க வந்த ஜனங்களைச் சமாளிக்க முடியாமல், பக்கத்தில் இருந்த மற்றப் படைப்புகளுக்கு ஆபத்து என்று எடுத்துவிட்டார்கள்.

டெல்லியிலும் பார்வையாளர் கணக்கில் வந்த சமயம் உண்டு. இந்து தெய்வங்களை ஹுசைன் வரைந்த விதத்துக்கு எதிர்ப்பு இருந்ததால், 2009 சம்மிட்டில் பாதுகாப்புப் பயத்தில் அவர் படங்களையே வைக்கவில்லை. 2011 ஜனவரியில் வைத்தார்கள், மிரட்டல் வந்தது, எடுத்தார்கள். கலை உலகம் சத்தம் போட்டதும் பாதுகாப்போடு திரும்ப மாட்டினார்கள். ஹுசைன் அப்போது நாட்டிலேயே இல்லை, முந்தின வருடமே கத்தார் குடிமகனாகிவிட்டார். 2011 ஜூன் 9ஆம் தேதி லண்டனில் இறந்தார். அந்தப் படங்கள் வியாபாரத்துக்கு மட்டும் என்றால் பின் அறையில் வைத்து விற்றிருக்கலாம். திரும்பச் சுவருக்கு வந்தது டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்காக.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட் சினிமாவைவிட அதிகம்தான், மாணவர்களுக்குச் சலுகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். ஆனால் அன்று சாயங்காலம் விற்கும் பதற்றம் தீர்ந்து கேலரிக்காரர்கள் கொஞ்சம் மனிதர்களாகப் பேசுவார்கள். சில ஓவியர்களே அரங்கில் நிற்பார்கள்.

டெல்லி தூரம் என்கிறவர்கள் சென்னை போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் இறங்குங்கள். 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகம், சென்னைக் கலைக் கல்லூரியை ஒட்டி வளர்ந்த மெட்ராஸ் இயக்க ஓவியர்களுக்கானது. ஓக்லாவில் லட்சக்கணக்கில் விலை சொல்கிற அதே பெயர்கள் பல இங்கே சுவரில் இருக்கின்றன, விற்பனைக்கு இல்லாமல். நான் போன ஒரு வேலை நாளில் உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. காவலாளிதான் வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வாழைப்பழம் பற்றி மட்டும் வேண்டாம்.