கட்டிலிலிருந்து கழிவறை வரை

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ தனியாக இருக்கிற பெரியவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். போனோடும் சென்சாரோடும் இணைந்த வீடு, அதாவது ஸ்மார்ட் ஹோம் என்றதும் பலர் முதலில் கேமரா வாங்கி மாட்டுகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். படுக்கையறையில் வைக்கவே மாட்டேன். அப்பா விழுந்துவிட்டதை அது காட்டும், அவ்வளவுதான்.

முதல் செலவு கட்டிலிலிருந்து கழிவறை வரை உள்ள அந்தப் பத்தடிக்கு. ராத்திரி இரண்டு மணி, அரைத் தூக்கம், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், சுவிட்ச் அந்தப் பக்கச் சுவரில். இதற்கு, ஆள் அசைந்தால் தானாக எரியும் மோஷன் சென்சார் விளக்கு மூன்று போதும்: கட்டிலுக்கு அடியில் ஒன்று, நடுவழியில் ஒன்று, கழிவறை வாசலில் ஒன்று. கட்டில் விளக்கை மெத்தை மட்டத்துக்குக் கீழே, கால் ஊன்றும் தரையைப் பார்த்தபடி ஒட்டுங்கள். அப்போதுதான் புரண்டு படுத்தால் எரியாது, காலைக் கீழே வைத்தால் எரியும். வெளிச்சம் மஞ்சளாக, மங்கலாக இருக்கட்டும். இந்த சென்சார் தன்னை நோக்கி நேராக வருகிறவரைவிடக் குறுக்கே கடக்கிறவரைத்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும். ஆகவே நடைவழியின் பக்கச் சுவரில் வையுங்கள்.

இன்னொன்று. அசையாமல் உட்கார்ந்திருக்கிறவரை இதற்குத் தெரியாது. முப்பது விநாடியில் அணைகிற மாதிரி விட்டுவிட்டால் கழிவறையில் இருக்கும்போதே இருட்டாகிவிடும். அங்கே பத்து நிமிடம் வையுங்கள். உடம்புச் சூட்டை வைத்துத்தான் இது ஆளைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே சித்திரை, வைகாசியில் அறைச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும்போது சென்சார் மந்தமாகும். அந்த மாதங்களில் இரவில் ஒருமுறை நடந்து பார்த்துச் சோதியுங்கள்.

போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் பல்பு வாங்கினவர்கள் சொல்லும் குறை, "அம்மா சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள், அப்புறம் போனில் பல்பு எரிவதில்லை" என்பது. அம்மா மேல் தப்பில்லை, ஐம்பது வருடப் பழக்கம். பல்பைச் சாதாரணமாகவே விட்டுவிட்டு, சுவிட்ச் போர்டுக்குள் ரிலே, அதாவது போனிலிருந்து இயக்கும் சிறிய சுவிட்ச் பெட்டி வையுங்கள். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர் வேண்டும். அந்தப் போர்டிலேயே பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரலும் அங்கே இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். பிறகு சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும்.

விளக்கு முடிந்தது. பெரியவர் நலமாக இருக்கிறாரா என்று வெளியூரிலிருந்து தெரிந்துகொள்வது எப்படி? ஜப்பானில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சோஜிருஷி என்று ஒரு நிறுவனம். பெயருக்குப் பொருள் யானை மார்க். 2001-இல் அவர்கள் வெந்நீர்க் கெட்டில் ஒன்றோடு ஒரு சேவையைத் தொடங்கினார்கள். ஜப்பானில் பெரியவர்கள் நாள் முழுக்கத் தேநீர் குடிப்பார்கள் அல்லவா? கெட்டிலை அழுத்தி வெந்நீர் எடுத்தால் அந்தச் செய்தி வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் போய்விடும். பாட்டி எந்தப் பொத்தானையும் புதிதாகக் கற்கவில்லை, கழுத்தில் எதையும் மாட்டவில்லை. டீ குடித்தார், அவ்வளவுதான்.

நம் வீட்டில் கெட்டிலுக்குப் பதில் ஃப்ரிட்ஜ் கதவு. காலைக் காபிக்குப் பால் எடுக்கத் திறந்தே ஆக வேண்டும். சென்சார் ஒரு துண்டு, காந்தம் ஒரு துண்டு என்று வரும் கதவு சென்சார் ஒன்றை அதில் ஒட்டி, எட்டு மணி வரை திறக்கவில்லை என்றால் மகளுக்குச் செய்தி போகும்படி வையுங்கள். சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். கதவு இரும்பு என்பதால் காந்தத்தின் இழுப்பு சென்சாரைச் சரியாக எட்டாமல் போகலாம். ஒட்டுவதற்கு முன் செல்லோடேப் போட்டு இரண்டு நாள் பாருங்கள். செய்தி வந்தால் முதலில் யார் போய்ப் பார்ப்பது என்று பக்கத்து வீட்டாரிடம் இன்றே பேசி வையுங்கள். சாவி ஒன்றும் அவர்களிடம் இருக்கட்டும்.

நேரம் முடியப் போகிறது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். கரண்ட் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் செய்தியும் போகாது. வைஃபை தரும் ரவுட்டருக்கு, கரண்ட் போனாலும் அதை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டி, ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். கழிவறைக்குள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டுப் போடுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். அதனால் கேஸ் சென்சாரைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்டுங்கள். அது கத்தினால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் 108, முதியோர் உதவி எண் 14567. மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். வணக்கம்.