மைக் முன்னால் முதல் நிமிடம்

எல்லாருக்கும் வணக்கம். ‘தைரியமாகப் பேசுங்கள்’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போக நான் வரவில்லை. தைரியம் கடையில் வாங்குகிற சரக்கா என்ன? திருக்குறளில் ‘அவை அஞ்சாமை’ 73-ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய 72-ஆம் அதிகாரம் ‘அவை அறிதல்’. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவையை அறி. அச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்த அறிதலைத்தான், கைக்கு எட்டும் அளவில், பேசப்போகிறோம்.

கூட்டத்துக்கு அரைமணி முன்னால் போங்கள். காலியாக இருக்கும்போதே மேடையேறி நில்லுங்கள். ஸ்பீக்கர் பெட்டி எந்தப் பக்கம், மைக் ஸ்டாண்டிலா கையிலா, விளக்கு கண்ணில் அடிக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். மைக்செட்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அன்றைக்கு உங்களுக்கு முக்கியமான மனிதர் சிறப்பு விருந்தினர் அல்ல, அவர்தான்.

கைமைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, மோவாய்க்குச் சற்றுக் கீழே சாய்வாகப் பிடியுங்கள். வாய்க்கு நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சு மோதி வெடிக்கும். வலைத்தலையைக் கையால் பொத்தினாலோ, ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாலோ மைக் கூவும். ஸ்பீக்கரில் வந்த சத்தமே மறுபடி மைக்கில் புகுந்து பெருகுவதால் வருகிற கூவல் அது. பதற்றத்தில் இன்னும் இறுக்கிப் பொத்துகிறவர்கள்தான் அதிகம். கையை எடுத்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் பின்பக்கமாக நகருங்கள், நின்றுவிடும்.

தெருமுனைக் கூட்டம் வேறு கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் சொல் ஏறக்குறைய 0.3 நொடி தாமதமாக உங்கள் காதுக்கே திரும்பி வரும். அதற்குக் காது கொடுத்தால் நாக்கு குழறும். சின்ன வாக்கியமாகப் பேசி, ஒவ்வொன்றின் முடிவிலும் எதிரொலி அடங்கும்வரை நில்லுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கும் அப்போதுதான் சொல் தெளியும்.

இனி உடம்பு. நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், கை நடுங்கும். ஆபத்து என்று நினைத்து உடம்பு அட்ரினலினை இறைக்கிறது. முதல் ஓரிரு நிமிடத்தில் அநேகமாக அது தணிய ஆரம்பிக்கும். பெயரை அழைப்பதற்கு முன், நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து தடவை போதும். முழங்காலை விறைத்துப் பூட்டாதீர்கள், நடுக்கம் அங்கேதான் கூடும். கையில் ஏ4 தாள் வேண்டாம். விரலின் சின்ன நடுக்கத்தைக்கூட மெல்லிய தாள் படபடவென்று ஊருக்கே காட்டிவிடும். அஞ்சலட்டை அளவு கெட்டி அட்டை நாலைந்து எடுங்கள். மூலையில் பெரிதாக எண் போடுங்கள். கீழே விழுந்தாலும் அடுக்கிவிடலாம்.

அட்டையில் என்ன எழுதுவது? முழுப்பேச்சை அல்ல. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் நழுவினால் அடுத்ததும் வராது, சங்கிலி அறுந்துவிடும். முதல் நாலு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், நடுவில் எடுத்தாளும் குறள், இவை மட்டும் மனப்பாடம். மீதிக்கு அட்டைக்கு ஒரு குறிப்பு போதும். முன்னிலை வகிப்பவர்களின் பெயர்களை மட்டும் தலைப்பெழுத்தோடு முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். ‘அவர்களே, இவர்களே’ அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதைப் பார்த்துப் படிப்பதில் வெட்கமில்லை. பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டுத் தடுமாறுகிறவரைவிட அது எவ்வளவோ மேல்.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்கிறேன், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘இந்தத் திட்டத்தை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை’ என்ற வாக்கியத்தில் உயிரே அந்த ‘வில்லை’யில்தான் இருக்கிறது. பயந்தவருக்கு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீரும், குரல் இறங்கும். அவைக்குக் கேட்பது ‘ஏற்றுக்கொள்ள...’ மட்டும். ஏற்றாரா, மறுத்தாரா? கடைசி வரிசைக்குத் தெரியாது. அதனால் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகாதீர்கள். ‘வந்து, பார்த்து, ஆராய்ந்து, வருந்தி’ என்று நீண்டால் இரண்டாக வெட்டுங்கள். ஒத்திகையில் கடைசிச் சொல்லைச் சற்று உரக்கவே சொல்லிப் பழகுங்கள். வேகம் கூடினால் முதலில் செத்துப்போவது ‘ழ’ என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒத்திகை மனசுக்குள் ஆகாது. நின்றுகொண்டு, கையில் ஒரு டார்ச்லைட்டை மைக்காகப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு மூன்று தடவை. ஒருமுறை போனில் பதிந்து கேளுங்கள். ‘வந்து’, ‘அதாவது’, ‘என்ன சொல்ல வர்றேன்னா’ எத்தனை என்று கோடு போட்டு எண்ணுங்கள். அந்த இடங்களில் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி நின்றால் போதும். உங்களுக்கு அது ஒரு யுகமாகத் தெரியும். கேட்பவருக்கு யோசித்துப் பேசுகிறவராகத் தெரியும்.

நேரம். ஐந்து நிமிடம் கொடுத்தால் நாலரைக்குத் தயாரியுங்கள். கைதட்டலுக்கும் இடம் வேண்டுமே. நம் ஊர் விழாக்களில் முன்னால் பேசுகிறவர் உங்கள் நேரத்தையும் சாப்பிட்டுவிடுவார். பதினைந்து நிமிடப் பேச்சென்றால் ஏழுக்கும் மூன்றுக்கும் தனித்தனியாக அட்டை வைத்திருங்கள். வெட்டும்போது வாதங்களில் ஒன்றை வெட்டுங்கள், உதாரணத்தை வெட்டாதீர்கள். நீங்கள் வைத்திருந்த குறளையே முந்தையவர் சொல்லிவிடக்கூடும். மாற்றுக் குறள் ஒன்று கையில் இருக்கட்டும்.

பாதியில் மறந்துவிட்டால்? ‘மன்னிக்கவும், மறந்துவிட்டேன்’ என்று நீங்களே காட்டிக்கொடுக்காதீர்கள். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை, அழுத்தமாகச் சொல்லுங்கள். ஒரு மிடறு தண்ணீர், அட்டையில் ஒரு பார்வை. அப்போதும் வரவில்லையா, அடுத்த குறிப்புக்குத் தாவுங்கள். விட்டது எது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-இல் பிரசங்கம் தொடங்கியபோது அவருக்கு வயது 25. அதோடு நிறுத்தவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் தொடர்ந்தது. எனக்கு அந்த ‘தோறும்’தான் முக்கியம். வருஷத்துக்கு ஒரு பெரிய மேடையைவிட, வாரத்துக்கு ஒருநாள் எட்டுப்பேர் முன்னால் மூன்று நிமிடம் பேசுவது அதிகம் கற்றுத்தரும்.

அதை இப்போதே ஆரம்பித்துவிடலாம். ஆளுக்கு ஓர் அட்டை வருகிறது. மூன்றே குறிப்பு, எழுத ஐந்து நிமிடம். முதலில் கடைசி வரிசையிலிருந்து வாருங்கள்.