முறை வைத்து வாழும் வீடு: ஃபின்லாந்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் உள்ளே

[காட்சி: பனி படர்ந்த முற்றம். நான்கு மாடிக் கட்டடத்தின் வாசற்கதவு.]

வணக்கம். ஃபின்லாந்து மக்கள் அதிகம் பேசமாட்டார்கள், அண்டை வீட்டாரோடு ஒட்டமாட்டார்கள், மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் ஒரு வார்த்தையோடு விலகிவிடுவார்கள் என்று, இங்கே குடியேறுகிற எல்லோருக்கும் முன்கூட்டியே யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் சொன்னார்கள். தம்பெரே நகரத்தின் தென்புறத்தில் ஹெர்வந்தா என்ற பகுதியில், 1970களில் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தில் வாடகைக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. பேச்சு குறைவு என்பது உண்மைதான். ஆனால் இத்தனை பொருள்களையும் இடங்களையும் அண்டை வீட்டாரோடு பொதுவில் வைத்து நான் வேறெங்கும் புழங்கியதில்லை. பேச்சில்லாத இந்தப் பொது வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பதை இந்தக் காணொலியில் பார்ப்போம்.

[காட்சி: கீழ்த்தளச் சுவரில் பெயர்ப் பலகையும் அறிவிப்புப் பலகையும்.]

வாசலைத் தாண்டியதும் இடப்பக்கச் சுவரில், எந்த மாடியில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று வெள்ளை எழுத்துகளில் பெயர்கள் செருகப்பட்ட கறுப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி அறிவிப்புப் பலகை. துணி துவைக்கும் அறைக்கு ஓர் அட்டவணை, சவுனா என்னும் வெப்பக் குளியலறைக்கு ஓர் அட்டவணை, முற்றத்துக் கம்பியில் கம்பளத்தைப் போட்டுத் தூசி தட்டுவதற்கான நேரம், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்ற விதி. முதல் வாரத்தில் அகராதியோடு அதன் முன்னால் நின்றபோது ஒரே சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: வுவோரோ. சவுனாவுவோரோ, துணி துவைப்பதற்கான பியூக்கிவுவோரோ என்று எதன் பின்னாலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லோடு சொல்லையும் உருபையும் ஒட்டிப் பேசுகிற நமக்கு இந்த மொழியின் போக்கு விரைவில் பிடிபட்டுவிடும். 'தலோ' என்றால் வீடு, 'தலோஸ்ஸா' என்றால் வீட்டில், 'தலோஸ்தா' என்றால் வீட்டிலிருந்து.

வுவோரோ என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் 'முறை'. முறைத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்களை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் வரும் நீர் இன்னார் வயலுக்கு இத்தனை மணி வரை, பிறகு மடையை அடைத்துவிட்டு அடுத்தவர் வயலுக்கு. இந்தக் கட்டடத்தில் வெந்நீரும் சவுனாவின் சூடும் அப்படித்தான் வீடு வீடாகப் போகின்றன.

[காட்சி: கட்டடத்தின் முழுத் தோற்றம்.]

இதற்குப் பின்னால் ஒரு சட்ட அமைப்பு இருக்கிறது. எங்கள் கட்டடம் சட்டப்படி ஒரு கம்பெனி. இங்கே அதைத் தலோயுஹ்தியோ என்கிறார்கள். வீடு வாங்குகிறவர் உண்மையில் அந்தச் சுவர்களை வாங்குவதில்லை. கட்டடம் முழுவதையும் சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனியில் குறிப்பிட்ட பங்குகளை வாங்குகிறார், அந்தப் பங்குகளே இன்ன எண்ணுள்ள வீட்டைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையை அவருக்குத் தருகின்றன. இந்த ஏற்பாட்டுக்கென்று 1926லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2010 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம். கூரை, குழாய்கள், வெளிச்சுவர், படிக்கட்டு, சவுனா எல்லாம் கம்பெனியுடையவை. மாதந்தோறும் பங்குதாரர்கள் கட்டும் தொகையிலிருந்து அவை பராமரிக்கப்படுகின்றன. பொதுச்சொத்து என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்ற எண்ணம் இங்கே வேர்விடாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். என்னைப் போன்ற வாடகைக் குடித்தனக்காரர்கள் பங்குதாரர்கள் அல்லர். ஆனாலும் எங்கள் கட்டடத்தின் அட்டவணையில் சொந்தக்காரர், வாடகைக்காரர் என்ற பிரிவு கிடையாது.

[காட்சி: துணி துவைக்கும் அறை. சுவரில் துளைகள் கொண்ட பலகை, அதில் சிறு பூட்டுகள்.]

துணி துவைக்கும் அறை அடித்தளத்தில் இருக்கிறது. கதவருகே மரப்பலகை ஒன்று, ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துளை. வீட்டு எண் பொறித்த சிறு பூட்டை வேண்டிய துளையில் செருகிப் பூட்டினால் அந்த இரண்டு மணி நேரம் நமக்கு. உள்ளே இரண்டு பெரிய இயந்திரங்கள், துணி காயவைக்கும் சூடான அறை, படுக்கை விரிப்புகளை உருளைகளுக்கிடையே கொடுத்து மடிப்பில்லாமல் எடுக்கும் ஒரு பழைய இயந்திரம்.

வந்த புதிதில் ஒருநாள், என் நேரம் முடிந்து இருபது நிமிடம் கழித்துத்தான் கீழே இறங்கினேன். இரண்டாம் மாடியில் இருக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மையார், துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் துணிகள் துவைத்து முடிந்த இயந்திரத்தில் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவர் தம் வேலையைத் தொடங்கியிருக்கலாம், அதில் தவறும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "என் முறை ஆறு மணிக்குத் தொடங்கியது" என்று மட்டும் சொன்னார். வயது வித்தியாசம் பாராமல் 'சினா', அதாவது 'நீ' என்று ஒருவரையொருவர் விளிப்பதே இங்கே வழக்கம் என்பதால், அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோது எனக்கு நா எழவில்லை. அவருடைய மாலையில் இருபது நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு உறைத்தது.

[காட்சி: சவுனாவின் மரப்படிகள், கற்கள் நிறைந்த அடுப்பு, வாளி, அகப்பை.]

இப்போது சவுனாவுக்கு வருவோம். சுமார் 56 லட்சம் மக்கள் வாழும் இந்த நாட்டில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட சவுனாக்கள் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டைத் தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தம்பெரே 2018ல் தன்னை உலகின் சவுனாத் தலைநகரம் என்று அறிவித்துக்கொண்ட ஊர். 1906ல் தொடங்கி இன்றும் இயங்கும் ரயாபோர்த்தி பொதுச் சவுனா இங்கே பிஸ்பலா பகுதியில் இருக்கிறது.

எங்கள் கட்டடத்துச் சவுனா அவ்வளவு பெயர்பெற்றதல்ல. மூன்று மரப்படிகள், மூலையில் கற்களை அடுக்கிய மின்னடுப்பு, அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு குடும்பத்துக்கு உரியது. எனக்குக் கிடைத்திருப்பது வெள்ளிக்கிழமை இரவு 9 மணி. முதலில் உடலைக் கழுவிக்கொள்ள வேண்டும். மேல் படியில் சிறு துணியை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். வெப்பம் 70, 80 டிகிரி செல்சியஸ் இருக்கும். அகப்பையில் நீரை மொண்டு கற்களின்மேல் ஊற்றினால் முதலில் சீறல் கேட்கிறது, ஓரிரு நொடி கழித்துத்தான் சூடு மேலிருந்து இறங்கித் தோள்களில் படுகிறது. அந்த ஆவிக்கு லொய்லு என்று பெயர். மற்றவர்கள் உடனிருந்தால் ஊற்றுமுன் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

ஆனால் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது கடைசிப் பத்து நிமிடத்தை. 9:50க்கு எழுந்து, படிகளின்மேல் நீரை ஊற்றிக் கழுவி, ரப்பர் பட்டை வைத்த கோலால் தரைநீரைச் சாக்கடை வாய்க்குத் தள்ளிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். 10 மணிக்கு உடைமாற்றும் அறையில் நம்முடைய பொருள் எதுவும் இருக்கக்கூடாது. எனக்கு முன் வரும் குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்கள் துடைத்துவைத்த தரையில்தான் கால் வைக்கிறேன். மேல் படி ஈரமாக இருக்கும், கற்களில் சூடு இருக்கும், வாளி கவிழ்ந்திருக்கும். பெயர்ப் பலகையில் மட்டும் அறிந்த மனிதர்களோடு எனக்கு இருக்கும் நெருக்கம் அது.

[காட்சி: அடித்தளத்தில் கனத்த எஃகுக் கதவு.]

அடித்தளத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. ஒருசாண் தடிமன் இருக்கும் என்று தோன்றும் அந்த எஃகுக் கதவுக்குப் பின்னால், மிதிவண்டிகளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் பழைய பெட்டிகளும் வலைக்கூண்டுகளில் அடுக்கியிருக்கின்றன. அது பாதுகாப்பு அறை. இன்றைய சட்டப்படி 1,200 சதுர மீட்டரோ அதற்கு மேலோ பரப்புள்ள குடியிருப்புகளைக் கட்டும்போது இத்தகைய அறை இருந்தாக வேண்டும். நாடு முழுவதும் சுமார் 50,500 அறைகள், 48 லட்சம் பேருக்கு இடம். 72 மணி நேரத்துக்குள் காலி செய்து ஆயத்தப்படுத்தும் நிலையில் அவை வைக்கப்பட்டிருக்க வேண்டும். ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கும் மேல் எல்லை, 1939ல் தொடங்கிய குளிர்காலப் போரின் நினைவு, இரண்டும் அந்தக் கதவில் இருக்கின்றன. என் மிதிவண்டியை எடுக்கப் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

[காட்சி: மே மாத வெயில். முற்றத்தில் வாரிகளோடு மனிதர்கள்.]

டிசம்பரின் மிகக் குறுகிய நாள்களில் இங்கே பகற்பொழுது ஐந்தரை மணி நேரம்கூட இல்லை. மே மாதம் வந்ததும் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும்: தல்கோத். ஊரார் கூடி, கூலியில்லாமல் செய்யும் வேலைக்குப் பழங்காலம் முதல் வழங்கும் பெயர் அது. பனியில் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் கொட்டிய சரளைக்கல்லைக் கூட்டி அள்ளுவது, சென்ற ஆண்டின் பிர்ச் மரச் சருகுகளை வாருவது, குழந்தைகளின் மணல்தொட்டியில் புது மணல் போடுவது. வருகையை யாரும் குறித்துக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் முற்றத்து அடுப்பில் சுட்ட தொத்திறைச்சியும் கடுகுச் சாந்தும் காப்பியும் உண்டு. ஆண்டு முழுவதும் தலையசைப்போடு கடந்துபோனவர்கள் அன்று நின்று பேசுகிறார்கள்.

சென்ற மே மாதம், காப்பிக் கோப்பையோடு என் பக்கத்தில் அமர்ந்தவர் அந்த இரண்டாம் மாடி அம்மையார். சனிக்கிழமைதான் மரபான சவுனா நாள் என்பதால் அன்றைய மாலைநேரத்துக்கு எங்கள் கட்டடத்தில் காத்திருப்புப் பட்டியலே இருக்கிறது, அதில் என் பெயர் மூன்றாவது. தமக்கு இருக்கும் சனிக்கிழமை 6 மணி முறையை விட்டுவிடப்போவதாகவும், வெப்பம் இப்போதெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை என்றும் அவர் சொன்னார். அதை எனக்குத் தருவதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இருவர் இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஜூன் மாதத் தாள் ஒட்டப்பட்டபோது, என் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது.