பதறிப் பேசினான்

நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

என் அப்பாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியிருந்த காலம். ஒரு மாலை, செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது, "எத்தனை தடவைதான் சொல்வது?" என்று எரிந்து விழுந்தேன். அது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. செய்தித்தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். அன்றிலிருந்து அவர் எதையும் இரண்டாவது முறை கேட்பதில்லை. காதில் விழாவிட்டாலும் விழுந்ததுபோல் தலையாட்டிவிடுவார்.

அன்று என் மனம் எனக்காகவே வாதாடியது. நாள் முழுக்க உழைத்த களைப்பு. இரண்டு முறை பொறுமையாகத்தானே சொன்னேன்? நாவடக்கம் என்றதும் பொய், புறங்கூறல், வசைச்சொல் இவைதான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அவை தவறு என்பது பேசுகிறவனுக்கே தெரியும். என் கவலை வேறு. நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று தோன்றும்போதுதான் நாக்குக்குக் கடிவாளமே தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம்.

இஸ்ரவேல் ஜனங்களை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசேயைப் பாருங்கள். பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் அவரைச் சொல்கிறது. அதே புத்தகத்தின் 20ஆம் அதிகாரத்தில் அவருடைய சகோதரி மிரியாம் இறந்துபோகிறார். அடக்கம்பண்ணிய கையோடு ஜனங்கள் தண்ணீருக்காக வாக்குவாதம் செய்ய வந்து நிற்கிறார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசுங்கள் என்பது தேவனுடைய கட்டளை. மோசேயோ ஜனங்களைப் பார்த்து, "கலகக்காரரே, கேளுங்கள்" என்று தொடங்கி, "நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ" என்று கேட்டு, கோலால் கன்மலையை இரண்டுதரம் அடிக்கிறார். ஜனங்கள் கலகக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை. சொன்னது உண்மை. ஆனால் "நாங்கள்" என்ற அந்த ஒரு சொல்லில் தேவனுடைய இடத்தில் தம்மை நிறுத்திவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. அதனால், தேவன் வாக்களித்த கானான் தேசத்துக்குள் அவர் போகவில்லை. நேபோ மலையிலிருந்து பார்த்ததோடு சரி. அந்த நாளைப் பின்னால் நினைவுகூரும் 106ஆம் சங்கீதம், ஜனங்கள் அவருடைய ஆவியை விசனப்படுத்தியதை மறைக்கவில்லை. ஆனாலும் "தன் உதடுகளினால் பதறிப் பேசினான்" என்று எழுதிவைத்திருக்கிறது. பதறி என்ற அந்தச் சொல் என்னை உலுக்குகிறது. என் அப்பாவிடம் நான் பேசியதும் அப்படித்தான்.

கலாத்தியர் 5இல் ஆவியின் கனியைப் பவுல் அடுக்கும்போது கடைசியில் வருவது இச்சையடக்கம். இச்சை என்றதும் உடலின் ஆசைகளையே நினைத்துப் பழகிவிட்டோம். சுடச்சுடத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தொண்டை வரை வந்து நிற்கிறதே, அதுவும் இச்சைதான்.

அதை எப்படி அடக்குவது? யாக்கோபு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார்: "நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது." முதலில் படித்தபோது சோர்ந்துபோனேன். இப்போது அது ஆறுதலாக இருக்கிறது. தாவீது "நான் அடக்குவேன்" என்று மார்தட்டாமல், "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்று 141ஆம் சங்கீதத்தில் கெஞ்சியது ஏன் என்று புரிகிறது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த பாம்போ என்ற துறவியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. நாவினால் பாவஞ்செய்யாதபடி என் வழிகளைக் காப்பேன் என்ற 39ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கேட்டதும், "இது போதும், இதைக் கற்றுக்கொண்டு வருகிறேன்" என்று எழுந்து போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்து விசாரித்தபோது, 19 ஆண்டுகளில் இப்போதுதான் கொஞ்சம் கைகூடியிருக்கிறது என்றாராம்.

வாயை மூடிக்கொள்வதே நாவடக்கம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பதும் ஒரு கொடுமைதான். யோவான் 8இல், விபசாரத்தில் பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்ணைச் சுற்றிக் கூட்டம் நின்று, இவளைக் கல்லெறிந்து கொல்லலாமா என்று கேள்விமேல் கேள்வி கேட்கிறது. இயேசு குனிந்து விரலினால் தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று வேதம் சொல்லவில்லை. அவர் உடனே பேசவில்லை என்பதைச் சொல்கிறது. பிறகு நிமிர்ந்து, உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியட்டும் என்று சொன்னது ஒரே வாக்கியம்; ஓர் உயிர் பிழைத்தது.

அந்தக் குனிதலைத்தான் நான் பழகிக்கொண்டிருக்கிறேன். பதில் நாக்கில் வந்து நிற்கும்போது, ஒரு மூச்சுநேரம், "ஆண்டவரே, காவல்வையும்" என்று உள்ளுக்குள் சொல்கிறேன். சில நாள் முடிகிறது. சில நாள் பேசி முடித்த பிறகுதான் நினைவு வருகிறது.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. ஒரு நாள் அவர் எதிரே நின்று சொன்னேன். வழக்கம்போலத் தலையாட்டினார். காதில் விழவில்லை என்று தெரிந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் காதருகே குனிந்து, இன்னொரு முறை சொன்னேன்.