பேரரசரும் கூட்டமும் நேருக்கு நேர்

அவையோருக்கு வணக்கம்.

தேர்ப்பந்தயக் களம் என்றால் பலருக்கு ரோம் நகரத்து சர்க்கஸ் மாக்சிமஸ்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. அளவில் அதைவிடச் சிறியது, அரசியலில் அதைவிடப் பொல்லாதது: கான்ஸ்டான்டினோபிளின் ஹிப்போட்ரோம். இன்று இஸ்தான்புல்லில் நீல மசூதியை ஒட்டி நீண்டு கிடக்கிற திறந்தவெளிதான் அது. பந்தயத் தரை சில மீட்டர் ஆழத்தில் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதனால் பழைய தூண்களெல்லாம் பள்ளத்துக்குள் நிற்கின்றன.

கதை ஓர் அழிவில் தொடங்குகிறது. கான்ஸ்டான்டினோபிளின் பழைய பெயர் பைசாண்டியம். தன் எதிரிக்குத் துணைநின்ற அந்த நகரத்தை ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் பணியவைத்துச் சிதைத்தார். பிறகு அவரே திருப்பிக் கட்டினார். களத்துக்குக் கால்கோள் நடந்தது அப்போது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பின்வந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை விரிவாக்கி, 330 மே 11 அன்று நகரத்தைத் தன் புதிய தலைநகராக அறிவித்தார். ஏறத்தாழ 450 மீட்டர் நீளம், 120 மீட்டருக்குக் குறையாத அகலம். தெற்கே நிலம் கடலை நோக்கிச் சரிகிறது. அந்தப் பக்கத்தை வளைவு மேல் வளைவாகச் செங்கல் கட்டித் தூக்கி நிறுத்தினார்கள். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

ஆனால் நீள அகலத்தைவிட முக்கியமானது அரச மாடம். பேரரசர் தெருவில் கால் வைக்காமலே அரண்மனையிலிருந்து நேராக அந்த மாடத்துக்கு வந்துவிடலாம். எதிரே பல்லாயிரம் பேர். ஆண்டு முழுவதும் அரண்மனைக்குள் இருக்கிற மனிதரைச் சாதாரணக் குடிமகன் கண்ணால் பார்க்க முடிந்த இடம் இது. பார்க்க முடிந்தால் கத்தவும் முடியும். தேரோட்டம் பார்க்கத்தான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் களத்தின் உண்மையான வரலாறு மாடத்துக்கும் படிக்கட்டுகளுக்கும் இடையே நடந்த வரலாறு என்பது என் கட்சி.

பந்தயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. ஒரு தேருக்கு நான்கு குதிரை, மொத்தம் ஏழு சுற்று. ஓட்டுபவன் கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக்கொள்வான். உடம்பைச் சாய்த்தே குதிரைகளைத் திருப்ப வேண்டும். தேர் கவிழ்ந்தால் அந்த வாரே அவனை இழுத்துக்கொண்டு போகும். அதை அறுக்க ஒரு வளைந்த கத்தி இடையில் இருக்கும், கை எட்டினால் பிழைப்பான். திருப்பத்தில் இடப்புறக் கடைசிக் குதிரைதான் உயிர்நாடி. கம்பத்தை உரசாமல், விலகியும் ஓடாமல் அது திரும்ப வேண்டும். இந்தக் கலையில் போர்ஃபிரியஸ் என்றொருவர் கொடிகட்டிப் பறந்தார். அறுபது வயதைத் தாண்டியும் தேரோட்டினார். எதிரெதிர்க் கட்சிகள் இரண்டுமே அவருக்குச் சிலை எடுத்தன. இரண்டு சிலைகளின் பீடங்கள் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கட்சி என்றேனே, அவை பந்தய அணிகளும் அவற்றின் ஆதரவாளர் கூட்டமும்தான். நான்கு நிறங்கள்: நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை. பெயருக்குத்தான் நான்கு, நகரம் பிளந்து கிடந்தது நீலத்துக்கும் பச்சைக்கும். அரங்கில் கரடி வளர்ப்பவன்கூட இந்தக் கட்சிகளின் ஊழியன்தான். பச்சைக் கட்சியின் கரடிக்காரர் ஒருவர் இறந்துபோனார். வேலை தன் புதுக் கணவனுக்குக் கிடைக்க வேண்டுமென்று அவர் மனைவி மூன்று சிறுமிகளுக்கும் மாலை சூட்டிக் கூட்டத்தின் முன்னால் கொண்டுவந்து கெஞ்சவைத்தாள். பச்சைக் கட்சி கைவிரித்தது, நீலக் கட்சி இரங்கியது. அந்த மூன்று சிறுமிகளில் ஒருத்தி தியோடோரா. பின்னாளில் பேரரசர் ஜஸ்டினியனின் பட்டத்தரசி. அவர் நீலத்தின் பக்கம் நின்றதில் வியப்பென்ன?

கூட்டம் எப்படிப் பேசும் என்பதற்குத் தியோஃபனிஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு நீண்ட வாக்குவாதத்தைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். பச்சைக் கட்சியினர் தாளத்தோடு முறையிடுகிறார்கள். பேரரசர் நேரடியாக வாய்திறக்க மாட்டார். அவர் சார்பில் ஒரு கட்டியக்காரர் பதில் முழங்குகிறார். மரியாதையாகத் தொடங்கிய பேச்சு ஏறி ஏறிக் கடைசியில் ஜஸ்டினியனின் தந்தை சபாத்தியஸ் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்பதில் போய் நிற்கிறது. சொல்லிவிட்டு எழுந்து வெளியேறிவிட்டார்கள்!

512இல் அனஸ்டாசியஸ் பேரரசர். வழிபாட்டுப் பாடலில் அவர் செய்த ஒரு மாற்றத்தால் நகரம் கொந்தளித்தது. எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் முடியில்லாமல் மாடத்தில் வந்து நின்றார். பதவி வேண்டாம், விலகுகிறேன் என்றார். கூட்டம் உருகிப்போய், முடியை அணிந்துகொள்ளச் சொல்லி அவரையே வேண்டிக்கொண்டது. நாடகம் என்பீர்கள். இருக்கலாம், ஆனால் பலித்த நாடகம்.

இருபது ஆண்டு கழித்து ஜஸ்டினியன் இதையே செய்துபார்த்தார். 532 ஜனவரி. கலகக் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்து இருவர் பிழைத்தார்கள். ஒருவன் நீலம், இன்னொருவன் பச்சை. இருவருக்கும் மன்னிப்பு வேண்டுமென்று 13ஆம் தேதிப் பந்தயத்தில் ஓட்டத்துக்கு ஓட்டம் கூச்சலிட்டார்கள். மாடத்திலிருந்து பதில் இல்லை. இருபத்திரண்டாம் ஓட்டத்தில் முழக்கம் மாறியது. தம் கட்சியை வாழ்த்தியவர்கள் நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே வாழ்த்தினார்கள். ஜஸ்டினியனுக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். தேரோட்டிகளை உசுப்பும் ‘நிகா’, அதாவது ‘வெல்க’, கலகத்தின் குரலாயிற்று. நகரம் எரிந்தது, பழைய ஹாகியா சோஃபியா தேவாலயமும் அதில் போயிற்று.

18ஆம் தேதி ஜஸ்டினியன் விவிலியத்தைக் கையில் ஏந்தி மாடத்துக்கு வந்து, எல்லோரையும் மன்னிப்பதாக ஆணையிட்டார். பொய்ச்சத்தியம் என்று கூட்டம் கத்தியது. அரண்மனைக்குத் திரும்பினார். கூட்டம் ஹிபாட்டியஸ் என்பவரைப் பிடித்து, கழுத்தணி ஒன்றைத் தலையில் வைத்து, அதே மாடத்தில் பேரரசராக உட்காரவைத்தது. அவர் யார் தெரியுமா? அனஸ்டாசியஸின் உடன்பிறந்தாள் மகன்.

தப்பியோட நினைத்த ஜஸ்டினியனை நிறுத்தியது தியோடோராவின் பேச்சு என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். அரண்மனை அதிகாரி நார்செஸ் பொற்காசோடு போய் நீலக் கட்சியினரில் சிலரைப் பிரித்தார். தளபதிகள் பெலிசாரியஸும் முண்டஸும் வெவ்வேறு வாயில்களில் படையோடு புகுந்தார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் வெட்டுண்டதாகப் புரோகோப்பியஸ் கணக்கு. எண்ணிக்கை மிகையாக இருந்தாலும் கொலை மிகையில்லை. மறுநாள் ஹிபாட்டியஸின் உடல் கடலில் வீசப்பட்டது.

அங்கே போகிறவர்கள் பாதுகாப்பு வேலியருகே கொஞ்சம் நின்று எகிப்தியத் தூணின் பீடத்தைப் பாருங்கள். எகிப்தின் கர்னாக் கோயிலில் மன்னர் மூன்றாம் துத்மோஸ் நிறுத்திய தூண். 390இல் பேரரசர் தெயோடோசியஸ் இங்கே நாட்டினார். பீடத்தில் பேரரசர் மாடத்தில் வெற்றிமாலை ஏந்தி நிற்கிறார். கீழே வரிசை வரிசையாகத் தலைகள், அதற்கும் கீழே ஆடும் பெண்கள். தூணை நிறுத்த எத்தனை நாள் ஆயிற்று? இலத்தீன் கல்வெட்டு முப்பது நாள் என்கிறது, கிரேக்கக் கல்வெட்டு முப்பத்திரண்டு என்கிறது. வேலையை நடத்திய அதிகாரி புரோக்ளஸ். பிறகு அவர் அரசியலில் சிக்கித் தலை இழந்தார். கல்லிலிருந்தும் பெயரைச் சுரண்டினார்கள். காலம் மாறியதும் அதே இடத்தில் மீண்டும் பொறித்தார்கள். கல்மேல் எழுத்து என்று நாம் நம்பிக்கையோடு சொல்கிறோம்!

1204இல் நான்காம் சிலுவைப் போர்வீரர்கள் நகரத்தைச் சூறையாடினார்கள். களத்தில் நின்ற வெண்கலச் சிலைகள் பல உருகிக் காசாயின. நான்கு செம்புக் குதிரைகள் மட்டும் வெனிஸுக்குப் போய்ப் பிழைத்தன; நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோய், 1815இல் அவை திரும்பி வந்தது தனிக்கதை.

உஸ்மானியர் காலத்தில் இங்கே தேர் ஓடவில்லை. குதிரைத் திடல் என்ற பெயர் மட்டும் நின்றது. 1582இல் இளவரசர் மெஹ்மெதின் சுன்னத் விழாவை ஐம்பது நாளுக்கு மேல் இங்கே கொண்டாடினார்கள். சுல்தான் பார்க்க மாடம் அமைந்தது, கீழே கூட்டம் திரண்டது. 1919இல் துருக்கியின் இஸ்மிர் நகரைக் கிரேக்கப் படை பிடித்த செய்தி வந்தபோது, இஸ்தான்புல் மக்கள் கூடி எதிர்ப்புக் குரல் எழுப்பியதும் இந்தத் திடலில்தான். அன்று உயரத்தில் நின்று பேசியவர் ஹாலிதே எதிப் என்ற பெண் எழுத்தாளர்.