உடன்படிக்கைக்குப் பின்னால்: இலங்கை, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆய்வு செய்வது எப்படி?

[திரையில்: இரு நாட்டுக் கொடிகள் வைத்த மேசை, கையெழுத்தாகும் ஆவணம்]

கொழும்பிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் தமிழ்நாட்டிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன என்ற செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். மாணவர் பரிமாற்றம், விரிவுரையாளர் பரிமாற்றம், கூட்டு ஆய்வு ஆகிய மூன்றும் அநேகமாக எல்லா உடன்படிக்கைகளிலும் இடம்பெறும். ஆனால் கையெழுத்து மட்டும் எந்த மாணவரையும் கடல் கடக்கச் செய்வதில்லை. பீடச் சபையிலும் மூதவையிலும் பரீட்சைக் கிளையிலும் அதன் பின்னர் நடக்கும் வேலையே அதைச் செய்கிறது. அந்த வேலை எது, ஏன் அது இவ்வளவு அவசியம் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

இந்தப் போக்குவரத்து நமக்குப் புதியதல்ல. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தவர்கள் யாழ்ப்பாணத்தவர்களான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதே பதவியை முதன்முதலாக ஏற்றார். ஒரே அறிஞர் இரு கரைகளிலும் ஒரு துறைக்கு அடித்தளம் இட்டார் என்பது, இன்றைய உடன்படிக்கைகள் எதுவும் இன்னும் எட்டாத உயரம் என்றே நான் கருதுகிறேன்.

[திரையில்: கொழும்பு 7, தேசிய சுவடிகள் கூடத்தின் முகப்பு]

இனி ஆய்வுக்கு வருவோம். கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இலங்கைக் கரையோரத்தை ஆண்ட காலத்து ஆவணங்கள் அங்கே ஆயிரக்கணக்கான தொகுதிகளாகப் பாதுகாக்கப்படுகின்றன. அக்காலத்தில் தூத்துக்குடி உள்ளிட்ட மதுரைக் கரையோரத்துக் கம்பனி நிலையங்கள் கொழும்பிலிருந்த ஆளுநரின் கீழேயே இயங்கின. ஆகவே தூத்துக்குடி முத்துக்குளிப்பின் வரலாற்றை எழுத விரும்பும் தமிழ்நாட்டு ஆய்வாளர், சென்னையில் மட்டும் தேடினால் கதையின் பெரும் பகுதியைத் தவறவிடுவார். மறுபுறம், கம்பனியின் மலபார்ப் பகுதி ஆவணங்கள் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கம்பனி ஒன்றுதான், அதன் ஏடுகள் ஹேக், ஜகார்த்தா, கேப் டவுன், சென்னை, கொழும்பு என்று சிதறிக் கிடக்கின்றன. யுனெஸ்கோ 2003 இல் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இந்த ஏடுகளில் ஒன்றைத் திறந்து பார்த்தால் கூட்டு ஆய்வு ஏன் தேவை என்பது உடனே விளங்கும். நம் கிராமங்களின் நிலங்களையும் குடும்பங்களையும் பதிந்த தோம்புகள் 17, 18 ஆம் நூற்றாண்டுகளின் ஒல்லாந்தக் கையெழுத்தில் எழுதப்பட்டவை. அதற்குள் வரும் ஆட்பெயர்களும் காணிப்பெயர்களும் தமிழ். அவற்றை எழுதிய எழுத்தரோ தமது காதில் விழுந்தபடி ஒல்லாந்த எழுத்தில் பதிந்தவர். பழைய ஒல்லாந்தம் தெரிந்தவருக்கு அந்தப் பெயர்கள் புரிவதில்லை. தமிழ் தெரிந்தவருக்கு அந்தக் கையெழுத்து புரிவதில்லை. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மட்டுமே அந்தப் பக்கம் வாசிக்கப்படும்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் போன்ற உதவிகளால் இங்கிருந்து அங்கு செல்லும் மாணவர்கள் பலர். அங்கிருந்து இங்கு வருவோர் மிகச் சிலர். பரிமாற்றம் என்ற சொல்லுக்கு அது பொருந்தாது. கொழும்பிலுள்ள துறைகள் தங்களிடம் இருப்பதை எடுத்துச் சொன்னால் வர வேண்டியவர்கள் வருவார்கள்.

[திரையில்: பாக்கு நீரிணையின் வரைபடம், 1974 ஆம் ஆண்டின் எல்லைக்கோடு]

இயற்கை விஞ்ஞானத்தில் சிக்கல் வேறு வகையானது. பாக்கு நீரிணையின் கடற்புல் படுகைகளில் மேயும் ஆவுளியா, அதாவது கடற்பசு, இரு நாடுகளிலும் பாதுகாக்கப்பட்ட உயிரினம். தமிழ்நாடு அரசு தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பை 2022 இல் இதற்கான காப்பகமாக அறிவித்தது. இரு கரைகளிலும் உள்ள விலங்குகள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவையா என்று அறிய மரபணுவை ஒப்பிட வேண்டும். ஆனால் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் ஆவுளியா இருப்பதால், விரல்நுனி அளவு திசு மாதிரியை அனுப்புவதற்குக்கூட ஏற்றுமதி அனுமதியும் இறக்குமதி அனுமதியும் தனித்தனியே பெற வேண்டும். மாதிரியைக் கடல் கடத்துவதற்குப் பதிலாக, இரு ஆய்வுகூடங்களும் ஒரே செய்முறையைப் பின்பற்றி அவரவர் நாட்டிலேயே பகுப்பாய்வு செய்து, தரவுகளைப் பகிர்ந்துகொள்வது நல்ல வழி. அந்தத் தரவு யாருடையது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், மாணவர் பட்டம் பெற்றுப் போன பிறகு அது எங்கே இருக்கும் என்பவற்றை ஆய்வு தொடங்கும்போதே எழுதிவைக்க வேண்டும்.

[திரையில்: இரண்டு கிரெடிட் அட்டவணைகள் அருகருகே]

கடைசியாக, மாணவர்கள் அதிகம் கேட்கும் கிரெடிட் விடயம். ஒரு பாடத்துக்கான படிப்பின் அளவைக் குறிக்கும் அலகே கிரெடிட். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலங்களுக்குச் சமம். ஓராண்டுக்கு 30 கிரெடிட். இந்தியாவின் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 30 மணித்தியாலங்கள், ஓராண்டுக்கு 40. கொழும்பு மாணவி ஒருவர் ஓர் அரையாண்டைச் சென்னையில் படித்து 20 கிரெடிட் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 மணித்தியாலங்கள். அதை இங்குள்ள 50 ஆல் வகுத்தால் 12 கிரெடிட்தான் கிடைக்கும்; இங்கு ஓர் அரையாண்டுக்கு 15 வேண்டும். அவர் அங்கே ஒரு பாடத்தையும் விடாமல் படித்திருந்தும் மூன்று கிரெடிட் குறைகிறது.

இதற்குத் தீர்வு உண்டு. மணிக்கணக்கை ஒதுக்கிவிட்டு, கற்றல் பேறுகள், அதாவது பாடத்தின் முடிவில் மாணவர் பெறும் அறிவும் திறனும், ஒத்திருக்கும் இடத்தில் பாடத்துக்குப் பாடம் சமன்படுத்த ஒரு பீடம் முடிவெடுக்கலாம். ஐரோப்பிய நாடுகளிடையே பல்லாயிரம் மாணவர்கள் இப்படித்தான் சென்று வருகிறார்கள். நியாயமான வழியும் இதுவே. சார்க் நாடுகள் 2007 இல் கைச்சாத்திட்டு, 2010 இல் புதுடில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் இந்தச் சிக்கலை அடியோடு தவிர்க்க முயன்றது: அங்கு பெறும் பட்டத்தை உறுப்பு நாடுகள் ஏற்கும் என்று உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. ஆனால் ஓர் அரையாண்டு மட்டும் போய்வர விரும்பும் மாணவருக்கு அது விடையாகாது.

எனவே அவ்வாறு செல்லவிருக்கும் மாணவர்கள், அங்கே படிக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்குள்ள எந்தப் பாடம் சமன் என்பதைக் குறிப்பிடும் கடிதத்தைப் பீடாதிபதியின் கையொப்பத்துடன் புறப்படும் முன்னரே கேட்டுப் பெறுங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால், அடுத்த அணி மாணவர்களுடன் அதே அரையாண்டை மீண்டும் படிக்க நேரலாம். இரு நாடுகளின் கல்வியாண்டுகளும் ஒரே மாதத்தில் தொடங்குவதில்லை என்பதால், பரீட்சைத் திகதிகளையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வந்த பின்னர் விமானச் சீட்டை வாங்கலாம்.